விளம்பரம் தராதவர்களின் கடைத்தெரு



பழைய விளம்பரங்களைக் கொண்டு ஓர் ஊரின் வரலாற்றை எழுதலாம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். சரியான பேச்சுத்தான். ஒரு பத்திரிகையின் தலையங்கத்தில் அந்நாளைய பெரிய மனிதர்களின் எண்ணம் இருக்கும். விளம்பரப் பக்கத்திலோ அந்நாளைய வீடு இருக்கும்: என்ன உடுத்தார்கள், எந்த எண்ணெயில் விளக்கெரித்தார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எதை வாங்கிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் இந்த வழியை மட்டக்களப்பு வாவிக் கரைக்குக் கொண்டுவந்தால் ஓரிடத்தில் கால் இடறுகிறது. இந்த ஊரின் மேசை, கதிரை, அலுமாரி, சப்பாத்து, தைத்த உடுப்பு, இரும்பு வேலை இவற்றில் கணிசமான பங்கைச் செய்து கொடுத்த ஒரு சமூகம் அச்சிட்ட விளம்பரங்களில் அநேகமாக இல்லவே இல்லை. நம்முடைய பறங்கியரைத்தான் சொல்கிறேன். அவர்கள் ஏன் அந்தப் பக்கங்களில் இல்லை, அங்கே இல்லாமலே எப்படித் தொழில் நடத்தினார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பறங்கியர் யார் என்று இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்னால் இதை அச்சில் வாசிக்கப்போகும் பிள்ளைகளுக்காகச் சில ஆண்டுகளை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1602ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவர் மட்டக்களப்புக் கரையில் நங்கூரம் போட்டார். மிளகும் கறுவாவும் தேடி வந்தவர் அவர். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638இல், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கால் ஊன்றிய முதல் கோட்டை நம்முடையதுதான். 1796இல் ஒல்லாந்தரின் கரையோர ஆட்சி முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இந்த மூன்று ஆட்சிகளிலும் வந்து தங்கியவர்கள், இங்கே பெண் எடுத்தவர்கள், அவர்கள் வழிப் பிள்ளைகள் என்று திரண்ட சமூகம் அது.

இதில் கடைகளோடு நேரே தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. 1646 முதல் 1650 வரை ஒல்லாந்தரின் இலங்கை ஆளுநராக இருந்தவர் யோவான் மாட்சுய்க்கர். கம்பனிச் சிப்பாய்களையும் ஊழியர்களையும் இந்த மண்ணிலேயே குடியமர்த்த வேண்டும் என்று அவர் விரும்பினார். போர்த்துக்கேய வழிப் பெண்களை மணந்து, கம்பனிச் சேவையை விட்டு விலகிச் சுதந்திரக் குடிகளாக வாழ அவர்களுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. குடியமர்ந்தவன் எதைக் கொண்டு பிழைப்பது? கடை வைக்கலாம், பாண் சுடலாம், தவறணை நடத்தலாம், கைத்தொழில் செய்யலாம். இவற்றில் அவர்களுக்குச் சலுகைகளும் கிடைத்தன. கடை வைப்பது தனியொருவரின் துணிச்சல் என்று நாம் இன்று நினைக்கிறோம். அன்றைக்கு அது ஓர் ஆட்சியின் குடியேற்றத் திட்டத்தில் ஒரு பகுதி. வியாபாரத்தில் வேரூன்றியிருந்த முஸ்லிம்களையும் செட்டிகளையும் ஒதுக்கிவிட்டுத் தம்முடைய ஆட்களை அந்த இடத்தில் இருத்தலாம் என்று கம்பனி எண்ணியது. அந்த எண்ணம் பலிக்கவில்லை. சங்கிலித் தொடராக உறவினரும் கடனும் நம்பிக்கையும் கொண்ட பழைய வியாபாரிகளை, அரசாங்கச் சலுகையை மட்டும் வைத்துக்கொண்டு யாரால் வெல்ல முடியும்?

ஆங்கிலேயர் வந்தபின் அந்தச் சமூகம் இரண்டு வழியாகப் பிரிந்தது. தந்தை வழியில் ஒல்லாந்தப் பெயரும் அதற்குரிய தாள்களும் உள்ளவர்கள், ஆங்கிலம் படித்து, கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் கந்தோர் வேலைக்குப் போனார்கள், வழக்கறிஞரானார்கள், வைத்தியரானார்கள். 1908இல் கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம் அமைந்தபோது, தந்தை வழி வம்சாவளியைக் காட்டியவர்களுக்கே அதில் இடம். போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய, கத்தோலிக்கரான, கைத்தொழில் செய்தவர்களை அந்த மேல்தட்டு ‘மெக்கானிக்’ என்று ஒதுக்கிப் பேசியது. இந்தப் பிளவைப் பற்றி மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. கிழக்கிலங்கையில் தங்கி வேலை செய்தவர் அவர். கட்டுரையின் தலைப்பிலேயே அந்த இரண்டு பெயர்களையும் எதிரெதிராக நிறுத்தினார். மட்டக்களப்புப் பறங்கியரில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது பக்கம். தச்சு, கொல்லு, தையல், சப்பாத்து, இயந்திரம் திருத்துதல், அச்சுக்கோத்தல் இவைதான் அவர்களுடைய தொழில்கள். அச்சுக்கோத்தல் என்பதைக் கவனியுங்கள். மற்றவர்களின் விளம்பரங்களைக் கோத்துக் கொடுத்த விரல்களில் அவர்களுடைய விரல்களும் இருந்தன.

இனி அச்சுப் பக்கத்துக்கு வருகிறேன். இலங்கையில் 1802இல் அரசாங்க வர்த்தமானி தொடங்கியது. அப்போது வேறு பத்திரிகை இல்லாததால் தனியார் அறிவித்தல்களும் அதில்தான் வந்தன: ஏலம், வீடு விற்பனை, கப்பலில் புதிதாக வந்திறங்கிய சரக்கு. 1834இல் கொழும்பு ‘ஒப்சேவர்’ வந்தது. 1850களின் கடைசியில் பேர்கசன் குடும்பத்தின் ஆண்டுக் கையேடு தொடங்கியது. எந்தத் தோட்டத்துக்கு யார் துரை, எந்த ஊரில் எந்த உத்தியோகத்தர் என்று நாடு முழுவதையும் பட்டியலிட்ட பெரிய புத்தகம் அது. அதன் முன்னும் பின்னும் கொழும்புக் கடைகளின் விளம்பரங்கள் தாள் தாளாக இருக்கும். 1844இல் கண்டியில் வில்லியம் மில்ன் தொடங்கிய கடையிலிருந்து வளர்ந்த கார்கில்ஸ், புத்தகமும் இசைக்கருவியும் விற்ற கேவ், மருந்து விற்ற அப்போதிக்கரீஸ் எல்லாம் அப்படித் தம்மைத் தெரியப்படுத்திய நிறுவனங்கள்.

இந்த விளம்பரங்கள் யாரைப் பார்த்துப் பேசின? மலைநாட்டில் கோப்பியும் பிறகு தேயிலையும் போட்ட ஆங்கிலேயத் தோட்டக்காரரைப் பார்த்து. மட்டக்களப்புக் கரையோரத்தில் தென்னந்தோட்டம் போட்டு இருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய துரைமாரைப் பார்த்து. கச்சேரி உத்தியோகத்தரைப் பார்த்து, மிஷன் பங்களாவைப் பார்த்து. அப்படிப்பட்டவர் எங்கோ தொலைவில் தனியாக இருக்கிறார். பக்கத்துக் கடைக்காரரைத் தெரியாது, அவருடைய மொழியும் தெரியாது. அவருக்கு வேண்டியது ஊரில் கிடைக்காது: பன்றித்தொடை, வெண்ணெய்க்கட்டி, சேணம், தோட்டா, வாசிக்க ஆங்கிலப் புத்தகம். ஆகவே கடை அவரைத் தேடி அச்சில் போகவேண்டியிருந்தது. ஓடர் தபாலில் கொழும்புக்குப் போகும். சரக்கு இலங்கையைச் சுற்றி ஓடிய கரையோர நீராவிக் கப்பல்களில், ‘லேடி ஹவ்லொக்’, ‘லேடி கோர்டன்’ போன்றவற்றில், மட்டக்களப்புக்கு வரும். ரயில் இங்கே வந்தது 1928இல்தான். அதுவரை கொழும்புப் பெட்டி ஒன்று வந்து சேர்வதற்குக் கடலும் முகத்துவாரத்து மணல்திட்டும் இடம்கொடுக்க வேண்டும்.

ஊர்க்காரருக்கு விளம்பரம் எதற்கு? விற்பவனும் வாங்குபவனும் ஒருவரையொருவர் அறியாத இடத்தில்தான் அச்சிட்ட விளம்பரத்துக்கு வேலை என்பது என் துணிபு. வாவிக் கரையில் அப்படியான இடம் நெடுங்காலம் இருக்கவில்லை. வாவியின் நீளம் 50 கிலோமீற்றருக்கு மேல். மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. வயலும் மாடும் தயிரும் அந்தப் பக்கம், தென்னையும் மீனும் கடையும் கந்தோரும் இந்தப் பக்கம். ஆகவே இரண்டு கரையும் ஒன்றையொன்று பார்த்தே ஆகவேண்டும். மண்முனைத் துறை, அம்பிளாந்துறை, குருமண்வெளித் துறை என்று தோணிக்காகவும் ‘பாதை’ என்னும் மிதவைக்காகவும் சனம் கூடிக் காத்திருந்த இடங்களில் எந்தப் பத்திரிகையையும்விட வேகமாகச் செய்தி போகும். மண்முனைக்குப் பாலம் வந்தது 2014இல். அதற்கு முன் ஒரு கலியாணத்துக்கு அலுமாரி ஒன்று பாதையில் ஏறிப் படுவான்கரைக்குப் போனால், துறையில் நின்ற அத்தனை பேரும் அதைத் தட்டிப் பார்த்து, “ஆரு செஞ்சது?” என்று கேட்டுத்தான் அனுப்புவார்கள். செய்த ஓடாவியின் பெயரை அலுமாரியைக் கொண்டுபோனவர் சொல்லுவார். அந்தப் பெயர் அன்று மாலையே மூன்று ஊர்களுக்குப் போய்விடும்.

கொடுக்கல் வாங்கலும் அதே போக்கில்தான் இருந்தது. படுவான்கரைப் போடியார் ஒருவர் கட்டில் செய்யக் கொடுத்தால் காசு உடனே கைமாறுவது அருமை. வெள்ளாண்மை வெட்டியதும் நெல்லாகக் கணக்குத் தீரும். அவணக் கணக்கிலும் மரைக்கால் கணக்கிலும் ஓடிய இந்த ஏற்பாட்டில், விலையை அச்சடித்துப் போடுவது என்ற எண்ணத்துக்கே இடமில்லை. வேலை செய்கிறவனுக்கு ஆண்டுக்கு இத்தனை வீடு என்று அமைந்திருக்கும். அந்த வீடுகள் அவனைக் கைவிடா, அவனும் அவற்றைக் கைவிடான். பறங்கியர் நம்முடைய சாதிமுறைக் குடிமைத் தொழிலாளர் அல்லர், உண்மைதான். ஆனால் அவர்களும் இந்த நெல்லும் நம்பிக்கையும் கலந்த சந்தையில்தான் வாழ்ந்தார்கள்.

உரக்கச் சொல்லி விற்ற வியாபாரமும் இங்கே இருந்தது. முஸ்லிம் வியாபாரிகள் மாட்டுத் தவளங்களில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிக்கொண்டு ஊவா மலைப்பக்கம்வரை போய்வந்தார்கள். தவளம் வருகிறது என்பதற்கு மாட்டின் மணியோசையே போதும். காத்தான்குடிப் பிடவை வியாபாரி தலைச்சுமையாகவும் பிறகு சைக்கிளிலும் தெருத்தெருவாய் வந்தார். மருதமுனையிலும் ஆரையம்பதியிலும் நெய்த சாறனும் சேலையும் ஊரின் பெயராலேயே விற்றன. மீன்காரர் ஊதும் ஊதல், ஐஸ்பழக்காரர் மணி. இப்போது பாண் கொண்டுவரும் முச்சக்கரவண்டி பேத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ மெட்டைத் தெருவெல்லாம் ஒலித்துக்கொண்டு போகிறது. வியன்னாவில் ஒருவர் பியானோவுக்கு எழுதிய இசை நம்முடைய பிள்ளைகளுக்குப் பாண் இசையாயிற்று. அரசாங்கமும் அச்சை மட்டும் நம்பவில்லை. கோர்ட் தீர்ப்பின்படி ஒருவரின் காணியை ஏலம் போடுவதானால், பிஸ்கால் என்ற நீதிமன்ற அதிகாரியின் ஆட்கள் பறை அடித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. எழுத்து வாசிக்காத ஊருக்கு அதுதான் வர்த்தமானி.

கைவேலைக்காரர்களைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்ப்போம். நான் சிறுவனாக இருந்தபோது டச்பார்ப் பக்கம் ஒரு சப்பாத்துக்காரரின் வீட்டு விறாந்தைதான் அவருடைய கடை. பெயர்ப்பலகை கிடையாது. தகப்பனாரோடு போனால் முதலில் காலைக் கழுவிவிட்டு வரச் சொல்லுவார். பிறகு ஒரு மொத்தக் கடுதாசியைத் தரையில் விரித்து, அதன்மேல் நிற்கச் சொல்லி, பென்சிலை நேரே நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுப்பார். “ஆடாத மனே” என்பார். அடுத்து ஒடுங்கிய கடுதாசி நாடா ஒன்று. விரல் முடியும் இடத்தில் பாதத்தைச் சுற்றி அதைப் பிடித்து, முனை தொட்ட இடத்தில் சின்னதாய் ஒரு கிழிசல். பாதத்தின் மேட்டில் ஒரு கிழிசல். குதியிலிருந்து முன்கால்வரை இன்னொன்று. இலக்கம் எதுவும் எழுதுவதில்லை. அந்த நாடாவே அளவு. பாதக் கோட்டுக்குள் வாடிக்கையாளரின் பெயரை எழுதி, நாடாவை அதில் குத்தி, சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடுவார். அந்த ஆணியில் ஊரிலுள்ள பல குடும்பங்களின் கால்கள் அடுக்கடுக்காகத் தொங்கின. ஆசிரியர், வக்கீல், சாமியார், கச்சேரிக் கிளாக்கர் எல்லாருடைய பெயரும் அதில் இருந்திருக்கும். விறாந்தையில் காத்திருக்கும் எவரும் அந்தப் பெயர்களை வாசிக்கலாம். அவருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் எந்தப் பத்திரிகையில் கிடைத்திருக்கும்?

அவர் வீட்டுக்குள் மனைவியோடு பேசியது போர்த்துக்கேயக் கிரியோலில். எங்களோடு பேசியது சுத்தமான மட்டக்களப்புத் தமிழில். 1900இல் தல்காதோ என்ற கோவா அறிஞர் இலங்கைக் கிரியோலைப் பற்றி நூல் எழுதினார். 1970களில் இயன் சிமித் மட்டக்களப்புக் கிரியோலை ஆராய்ந்தார். டேவிட் ஜாக்சன் இங்கே பாடப்பட்ட பாடல்களைத் தொகுத்து 1990இல் வெளியிட்டார். மொழியையும் பாட்டையும் தேடி வெளிநாட்டார் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். அந்த மொழியில் ஒரு தச்சர் உளிக்கும் இழைப்புளிக்கும் என்ன பெயர் சொன்னார், மரத்தின் ரேகையைப் பற்றி மகனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார், விலை பேசும்போது எந்த மொழிக்கு மாறினார் என்பதைத் தொகுக்கவேண்டியவர்கள் நாம். அயலில் இருந்தவர்கள் நாம்தானே?

இனி மரவேலையைப் பார்ப்போம். மட்டக்களப்புக் காடுகளின் முதிரையும் கருங்காலியும் கப்பலேறிப் போன காலம் ஒன்று உண்டு. போகாமல் நின்ற முதிரையில் நம்முடைய வீட்டுக் கட்டில்களும் அலுமாரிகளும் ஆயின. கடைந்த கால், பிரம்பு பின்னிய முதுகு, வளைந்த கைப்பிடி கொண்ட கதிரைகளில் ஒல்லாந்தர் காலத்துச் சாயல் இன்றும் தெரியும். கோயில் வாங்குகளும் பள்ளிக்கூட மேசைகளும்கூட இதே தச்சர்களின் பட்டறையிலிருந்து வந்தவை. 1814இல் வந்திறங்கிய வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873இல் தொடங்கியது புனித மிக்கேல் கல்லூரி. நூறு, இருநூறு ஆண்டுகளாகப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிய மரத்தளவாடங்களை ஊரிலேயே யாரோ செய்து கொடுத்திருக்க வேண்டும். பாடசாலை வரலாறுகளில் அதிபர்களின் பட்டியல் வரிசையாக இருக்கிறது. மேசை செய்தவரின் பெயர் ஒன்றையாவது நான் அவற்றில் கண்டதில்லை.

அச்சு விளம்பரம் நம்முடைய மக்களைத் தேடி வரத் தொடங்கியது மெல்ல மெல்ல. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் ‘உதயதாரகை’, 1882இல் சித்திலெப்பையின் ‘முஸ்லிம் நேசன்’, 1930இல் ‘வீரகேசரி’, 1932இல் ‘தினகரன்’. நாளிதழ் ரயிலில் வரத் தொடங்கியதும் கொழும்புக் கடையும் சென்னை மருந்தும் ஒரே காலையில் படிப்பகத்துக்கு வந்தன. 1893இல் தொடங்கிய அமிர்தாஞ்சனம் போன்ற மருந்துகள் எழுத்திலேயே தமிழருக்கு அறிமுகமாகி, வி.பி.பி. தபாலில் வீட்டு வாசலுக்கு வந்தன. தையல் இயந்திரம் இன்னொரு வழியில் வந்தது. சிங்கர் நிறுவனம் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. கறுப்பு உடம்பில் பொன்னெழுத்தில் பெயரைத் தாங்கிய இயந்திரம், ஒரு தையல்காரரின் விறாந்தையில் இருந்தபடியே நாளெல்லாம் தன் கம்பனிக்கு விளம்பரம் செய்தது. அந்த விறாந்தையில் வாசிக்கக் கிடைத்தது கம்பனியின் பெயர் மட்டுமே. தைக்கிறவரின் பெயரை ஊர் வாயால் அறிந்து வைத்திருந்தது. 1950 செப்டெம்பரில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியபின், சவர்க்காரத்தின் பெயரைப் படுவான்கரைப் பிள்ளைகளும் பாட்டாகப் பாடினார்கள். அந்தச் சவர்க்காரம் யாரும் நேரில் அறியாத ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஆகவே அதற்குப் பாட்டுத் தேவைப்பட்டது.

ஊருக்கே உரிய அச்சு விளம்பரம் என்று ஒன்றைச் சொல்வதானால், அது மலர்களின் கடைசிப் பக்கங்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், விளையாட்டுக் கழக மலர். மட்டக்களப்பில் புனித வளனார் கத்தோலிக்க அச்சகம் போன்ற இடங்களில் அச்சான இப்படிப்பட்ட மலர்கள் எத்தனையோ. அந்தப் பக்கங்களைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அவற்றின் நடை மனப்பாடம். சுற்றிவரக் கொடியும் பூவுமாக ஓரக்கரை. மேலே, “நல்லாசிகளுடன்”. பிறகு, “சகலவிதமான பிடவைத் தினுசுகளையும் மொத்தமாகவும் சில்லறையாகவும் பெற்றுக்கொள்ள விஜயம் செய்யுங்கள்.” நகைக்கடையென்றால், “22 கரட் தங்க நகைகள் ஓடருக்கு உத்தரவாதத்துடன் குறித்த தவணையில் செய்து கொடுக்கப்படும்.” கீழே கடையின் பெயர், தெரு, ஊர். விலை இருக்காது. புதிதாக வந்த சரக்கு இன்னதென்று இருக்காது. அடுத்த மலரிலும் இதே சொற்கள்தான்.

விற்பனைக்காகப் போட்ட விளம்பரம் இப்படி இருக்காது. இந்தப் பக்கங்கள் நன்கொடைக்குக் கொடுத்த பற்றுச்சீட்டுகள். மலர்க்குழு கடைகடையாக ஏறி இறங்கும், கடைக்காரர் காசு கொடுப்பார், அந்தக் காசுக்குக் கண்ணியமான ஒரு பெயர் விளம்பரம். ஆகவே இவற்றை வாங்குபவருக்கான செய்தியாக வாசிக்காமல், எந்தக் கடைக்காரர் எந்தப் பொதுக்காரியத்துக்குக் கைகொடுத்தார் என்ற பதிவாக வாசிக்கவேண்டும். அப்படி வாசித்தால் அவற்றின் பெறுமதி பலமடங்கு கூடுகிறது. தமிழ்ப் பாடசாலையின் மலரில் காத்தான்குடிக் கடையின் பக்கம் இருக்கும். கத்தோலிக்க விழா மலரில் சைவக் கடைக்காரரின் பக்கம் இருக்கும். 1985க்கும் 1990க்கும் முன்னும் பின்னும் வெளிவந்த மலர்களை வரிசையாக வைத்து, இந்தப் பக்கங்களை மட்டும் ஒரு மாணவர் எண்ணிப் பார்க்கட்டும். கலவரங்களும் இடப்பெயர்வுகளும் தமிழ், முஸ்லிம் சமூகங்களின் கொடுக்கல் வாங்கலை என்ன செய்தன என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. பல்கலைக்கழகத்தில் உள்ள என் நண்பர்களிடம் இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

இந்த மலர்களிலும் பறங்கிக் கைவினைஞர் இல்லை. இருக்க வழியும் இல்லை. அரைப்பக்கத்துக்குக் கொடுக்கப் பிடவைக் கடைக்காரரின் பெட்டியில் காசு இருந்தது. தச்சரின் கையில் இருந்தது நெல்லும் கூலியும். அவர் ஊருக்குக் கொடுத்ததும் உழைப்பாகவே இருந்திருக்கும்: ஆடிய வாங்குக்கு ஒரு ஆப்பு, சுருவத்துக்கு ஒரு கூடு, திருநாளுக்கு ஒரு பந்தற்கால். அதற்குப் பற்றுச்சீட்டும் இல்லை, பக்கமும் இல்லை. ஆகவே மலர்களை மட்டும் வைத்து இந்தக் கடைத்தெருவின் வரலாற்றை எழுதினால், காசு புழங்கிய தொழில்கள் மட்டும் நிற்கும். கைவேலை முழுவதும் விழுந்துவிடும். இது எனக்குச் சகிக்க முடியாத அநியாயமாகப் படுகிறது.

இருந்த தடயங்களும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இந்த மாவட்டத்தின் கூரைகளைக் கழற்றியபோது வீடுகளில் இருந்த கணக்குப் புத்தகங்களும் படங்களும் நனைந்து கூழாயின. போர்க்காலத்தில் பல குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன. சில குடும்பங்கள் அதற்கு முன்பே வாழைச்சேனைக் காகித ஆலை போன்ற இடங்களில் சம்பள வேலைக்கு மாறிவிட்டன. அந்த ஆலை நம்முடைய வயல்களின் வைக்கோலில் காகிதம் செய்தது. தகப்பனின் பட்டறையைவிட மாதச் சம்பளம் பிள்ளைகளுக்கு நிச்சயமாகத் தெரிந்ததில் பிழையில்லை. 2004 டிசம்பர் 26 கடற்கோளில் டச்பார்ப் பகுதியில் பறங்கியர் பலர் உயிரிழந்தார்கள். உயிர்தப்பியவர்களின் வீடுகளோடு உளிப்பெட்டிகளும் கால் அச்சுகளும் தையல் இயந்திரங்களும் போயின. நான் சொன்ன சப்பாத்துக்காரரின் வீட்டு நிலமும் இன்று வெறும் மணல்தான்.

இயற்கையும் போரும் செய்ததைப் பேசுகிறோம். நாமே கையால் செய்ததையும் சொல்லவேண்டும். சஞ்சிகைகளைக் கட்டிவைக்கும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்தெறிந்துவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் சேர்த்துக் கட்டுவது நூல்நிலையங்களின் நெடுநாள் வழக்கம். மொத்தம் குறையும், தட்டில் இடம் மிஞ்சும் என்று செய்தார்கள். கடையின் பெயர் தாங்கிய ஒரே தாள் அங்கேயே குப்பைக்குப் போயிற்று. 2005 முதல் நூலகம் நிறுவனம் நம்முடைய மலர்களையும் சஞ்சிகைகளையும் மின்வருடி எல்லாருக்கும் கிடைக்கச் செய்து வருகிறது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பிரதியை அவர்களிடம் கொடுக்கும்போது பின்பக்கங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். உள்ளடக்கம் வேறொரு பிரதியில் கிடைத்துவிடும். கிழிபடாத பின்பக்கம் உங்களிடம் மட்டும் இருக்கக்கூடும்.

கைவினைஞருக்கு அந்தப் பின்பக்கமும் இல்லை என்று சொன்னேன். அவர்களைத் தேடவேண்டிய இடம் நம்முடைய வீடுகள். பாட்டன் காலத்து அலுமாரி உங்களிடம் இருந்தால் லாச்சியை முழுவதும் வெளியே இழுத்து, கவிழ்த்து, அடிப்பலகையையும் பின்பலகையின் உட்பக்கத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மரத்தைப் பொருத்தும்போது தச்சர் இட்ட பென்சில் குறிகள் அங்கே அழியாமல் இருக்கும். சிலவேளை ஒரு பெயரும் ஆண்டும்கூட இருக்கும். அதைப் படம் எடுங்கள். பிறகு வீட்டில் வயதில் மூத்தவரை உட்காரவைத்துக் கேளுங்கள்: செய்தவர் யார், எந்தத் தெருவில் இருந்தார், மரம் எங்கிருந்து வந்தது, கூலியைக் காசாகக் கொடுத்தார்களா நெல்லாகவா, யார் சொல்லி அவரிடம் போனார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அச்சில் இல்லாத விளம்பரம் எந்த வாயிலிருந்து எந்தக் காதுக்குப் போனது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. பறங்கிக் குடும்பங்களில் இன்னும் பட்டறை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கத்தோலிக்க பறங்கியர் ஒன்றியத்தின் மூத்தவர்கள் பழைய தொழிலாளர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். படத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சொல்லும் பெயரை எழுதும்போது அந்தப் பெயருக்கு உரியவரின் குடும்பத்திடம் அனுமதி கேட்டு, அவர்கள் சொல்லும் எழுத்துக்கூட்டலிலேயே எழுதுங்கள்.